‘வெறும் தலைவலி’ என்று திருப்பி அனுப்பப்படுவோர்: மூளை இரத்தநாள நோயும் இழப்பீட்டு உரிமையும்

மூளையின் இரத்தநாளம் ஒன்றில் கசிவு ஏற்பட்ட மனிதர் மருத்துவமனைக்கு நடந்தே வரக்கூடும். பெயர், ஊர், வயது எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லக்கூடும். அவருடைய முறையீடு தலைவலி ஒன்றாக மட்டுமே இருக்கலாம். அந்தத் தலைவலியை மருத்துவர் எப்படிக் கேட்கிறார், எத்தனை கேள்விகள் கேட்கிறார், ஒரு ஸ்கேன் எழுதித் தருகிறாரா அல்லது ஊசி போட்டு அனுப்பிவிடுகிறாரா என்பதில்தான் உயிரும் வாழ்வும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஒருவருடைய சொல்லுக்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பதைச் சாதியும் வர்க்கமும் பாலினமும் முடிவுசெய்யும் ஒரு சமூகத்தில், நோயறிதல் என்பது மருத்துவத்தின் சிக்கலாக மட்டும் இருக்க முடியாது. அது உரிமையின் சிக்கலும்கூட.

சென்னையின் மேற்குப் புறநகரை எடுத்துக்கொள்வோம். பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடிச் சந்திப்பிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் திருமழிசைத் தொழிற்பேட்டைக்கும், அம்பத்தூருக்கும், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளுக்கும் தொழிலாளர்கள் புறப்படுகிறார்கள். குப்பை அள்ளும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களும், கட்டுமானச் சித்தாள்களும், வீட்டு வேலை செய்யும் பெண்களும் அவர்களிலும் முன்னதாகவே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். இவர்களில் ஒருவருக்குத் திடீரென்று தலை வெடிப்பதுபோன்ற வலி வந்தால் அவருடைய பயணம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் அமையும். முதலில் மருந்துக்கடை, பிறகு தெருமுனைக் கிளினிக், அதன்பின் பூந்தமல்லி அரசு மருத்துவமனை அல்லது கையிருப்பைப் பொறுத்து ஒரு தனியார் மருத்துவமனை. கடைசியாகச் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், சென்ட்ரல் எதிரே இருக்கும் இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. இந்த வரிசையின் ஒவ்வொரு படியிலும் மணிநேரங்கள் கரைகின்றன. ஒவ்வொரு படியிலும் ஒரு சீட்டு எழுதப்படுகிறது, அல்லது எழுதப்படாமல் போகிறது. இழப்பீட்டு வழக்கு பின்னால் நிற்பதும் விழுவதும் அந்தச் சீட்டுகளால்தான்.

எப்படித் தவறவிடப்படுகிறது?

மூளை இரத்தநாள நோய்கள் பலவகை. நாளம் அடைபட்டு மூளையின் ஒரு பகுதி இரத்தம் இன்றி வாடுவது ஒருவகைப் பக்கவாதம். நாளம் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது இன்னொரு வகை. தமனிச் சுவரில் பலூன் போலப் புடைத்த அனியூரிசம் எனும் குமிழ் வெடித்து மூளையுறைக்கு அடியில் இரத்தம் பரவுவது மூன்றாவது. மூளையின் சிரைகளில் இரத்தம் உறைவது நான்காவது. இது மகப்பேற்றுக்குப் பிந்தைய வாரங்களில் இந்தியப் பெண்களிடம் காணப்படுவதை நம் நரம்பியல் மருத்துவர்கள் நெடுங்காலமாகவே எழுதிவருகிறார்கள். பிரசவித்த பெண் தலைவலி என்கிறாள், வாந்தி எடுக்கிறாள், பிறகு வலிப்பு வருகிறது அல்லது பிதற்றுகிறாள். ‘பிள்ளை பெற்ற உடம்பு’ என்றும், ‘மனக்கோளாறு’ என்றும், சில வீடுகளில் ‘காற்றுக் கருப்பு’ என்றும் நாட்கள் கடந்துபோகின்றன.

அனியூரிசம் வெடிப்பின் அடையாளம் மருத்துவப் பாடநூல்களில் தெளிவாகவே இருக்கிறது. சில நொடிகளில் உச்சத்தைத் தொடும், வாழ்நாளில் அதுவரை கண்டிராத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, சில வேளைகளில் சிறிது நேர மயக்கம். முதற்கட்ட சோதனை சாதாரண சி.டி. ஸ்கேன். வலி தொடங்கி 6 மணிநேரத்திற்குள் நவீனக் கருவியில் ஸ்கேன் எடுத்து, தேர்ந்தவர் ஒருவர் அதைப் படித்தால் கசிவு தப்புவது மிக அரிது என்பதைக் கனடாவில் நடந்து 2011இல் வெளியான பெரும் ஆய்வு காட்டியது. நேரம் செல்லச் செல்ல ஸ்கேனின் கூர்மை குறையும். ஆகவே ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோதும் ஐயம் நீங்காவிட்டால் முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதிப்பதோ, நாளங்களைக் காட்டும் ஆஞ்சியோகிராம் எடுப்பதோ அடுத்த படி. இதற்கு அவசரம் ஏன்? ஒருமுறை கசிந்த குமிழ் மீண்டும் வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணிநேரத்தில்தான் மிக அதிகம். இரண்டாம் கசிவு பெரும்பாலும் முதலாவதைவிடக் கொடியது.

இத்தனை தெளிவு இருந்தும் இந்நோய் தவறவிடப்படுகிறது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மூளையுறைக்கு அடியில் கசிவு ஏற்பட்ட 482 பேரில் 56 பேருக்கு, அதாவது 12 விழுக்காட்டினருக்கு, முதலில் நோய் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது. ஒற்றைத் தலைவலி, மன இறுக்கத் தலைவலி என்பவையே பெரிதும் தரப்பட்ட தவறான பெயர்கள். அந்தத் தவறுகளில் நான்கில் ஏறத்தாழ மூன்று, சி.டி. ஸ்கேன் எடுக்காமல் விட்டதால் நேர்ந்தவை. உலகின் வசதிமிக்க நகரம் ஒன்றின் கதை இது.

இன்னொரு அமெரிக்க ஆய்வு நமக்கு மேலும் நெருக்கமானது. அவசரப் பிரிவுகளில் தவறவிடப்பட்ட பக்கவாதங்களை ஆராய்ந்து 2014இல் வெளியான அவ்வாய்வு, ஆண்களைவிடப் பெண்களுக்குத் தவறான கணிப்பு நேரும் வாய்ப்பு 33 விழுக்காடு கூடுதல் என்றும், சிறுபான்மை இனத்தவருக்கு 20 முதல் 30 விழுக்காடு கூடுதல் என்றும் கண்டது. அங்கே நிறம் செய்யும் வேலையை இங்கே எது செய்யும் என்பதை இப்பக்கத்தின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சராசரி தலித் பெண் உயர்சாதிப் பெண்ணைவிட 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறாள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. நாக்குக் குழறி, நடை தள்ளாடி வரும் கூலித் தொழிலாளியைப் பார்த்ததும் ‘குடித்துவிட்டு வந்திருக்கிறான்’ என்று ஊகிக்கும் கண்ணும், அதே அறிகுறிகளோடு வரும் வங்கி அலுவலரைப் பக்கவாதப் பிரிவுக்கு அனுப்பும் கண்ணும் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

தவறு வேறு, கவனக்குறைவு வேறு

சட்டத்தின் பார்வை முதலில் கசப்பாகவே இருக்கும். நோயைத் தவறாகக் கணித்தது மட்டுமே இழப்பீட்டுக்குப் போதாது. இங்கிலாந்தில் 1957இல் உருவான போலம் அளவுகோலை நம் உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பில் உறுதிசெய்தது. அத்துறையின் சாதாரணத் திறமை உடைய ஒரு மருத்துவர் அந்தச் சூழலில் செய்திருக்கக்கூடியதைச் செய்தாரா என்பதே கேள்வி. மிகச்சிறந்த மருத்துவர் என்ன செய்திருப்பார் என்று சட்டம் கேட்பதில்லை. அதே தீர்ப்பு, மருத்துவர்மீது குற்றவழக்குத் தொடர மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்கவேண்டும் என்றும், அதற்குமுன் சார்பற்ற மருத்துவக் கருத்தைப் பெறவேண்டும் என்றும் விதித்தது. எடுத்த எடுப்பிலேயே காவல் நிலையத்தை முற்றுகையிடும் போராட்டங்கள் பல பயனின்றி முடிவதற்கு இதுவே காரணம். குற்றவழக்கின் அளவுகோல் ஒன்று, இழப்பீட்டு வழக்கின் அளவுகோல் வேறொன்று. இரண்டாவது நம் கைக்கு எட்டக்கூடியது.

எனவே வாதத்தை வைக்கும் முறை முக்கியம். ‘மருத்துவர் அனியூரிசத்தைக் கண்டுபிடிக்கவில்லை’ என்று தொடங்கும் மனு பலவீனமானது. ‘திடீரென வந்த கடும் தலைவலியும் வாந்தியும் என்று சொல்லப்பட்டும், கழுத்து விறைப்பைச் சோதிக்கவில்லை, இரத்த அழுத்தத்தைக் குறிக்கவில்லை, ஸ்கேனுக்கு எழுதவில்லை, ஸ்கேன் உள்ள இடத்திற்கு அனுப்பவுமில்லை’ என்று தொடங்கும் மனுவே வலுவானது. முன்னது முடிவைக் குறைகூறுகிறது. பின்னது கடமையில் விட்ட படிகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது.

தவறான நோயறிதல் பற்றிய வழக்குகளில் நமக்கு மிகவும் உதவுவது 2010 மார்ச்சில் வந்த வி.கிஷன் ராவ் தீர்ப்பு. ஐதராபாத்தில் காய்ச்சலும் குளிருமாக வந்த ஒரு பெண்ணுக்கு மலேரியா இருந்தது. தனியார் மருத்துவமனை அவருக்கு டைபாய்டுக்கு மருத்துவம் பார்த்தது. அவர் இறந்தார். கணவர் மலேரியா ஒழிப்புத் துறையிலேயே பணிபுரிந்த அலுவலர். மாவட்ட நுகர்வோர் மன்றம் 2 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. நிபுணர் சாட்சி இல்லை என்று கூறி மேல்மன்றங்கள் அதை இரத்துசெய்தன. உச்ச நீதிமன்றம் மாவட்ட மன்றத்தின் ஆணையை மீட்டுத் தந்தது. எல்லா மருத்துவக் கவனக்குறைவு வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்றும், ஆவணங்களே கவனக்குறைவை உரக்கச் சொல்லும்போது அது தேவைப்படாது என்றும் கூறியது. மருத்துவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல இன்னொரு மருத்துவர் முன்வருவது எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர்கள் இத்தீர்ப்பின் மதிப்பை உணர்வார்கள். ஆனால் எச்சரிக்கையும் தேவை. மலேரியா–டைபாய்டு போல எளிதில் விளங்குவதில்லை மூளை நாளச் சிக்கல். ஸ்கேனே எடுக்கவில்லை என்ற வழக்கில் கிஷன் ராவ் தீர்ப்பு போதும். எடுத்த ஸ்கேனைத் தவறாகப் படித்தார்கள் என்ற வழக்கில் ஒரு நரம்பியல் அல்லது கதிரியக்க மருத்துவரின் எழுத்துவழிக் கருத்து இல்லாமல் நிற்பது கடினம்.

இன்னொரு கண்ணியும் உண்டு. உரிய நேரத்தில் கண்டறிந்திருந்தாலும் இதே முடிவுதான் நேர்ந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு வாதிடும். இதை முறியடிப்பது கடிகாரம் மட்டுமே. முதல் வலி எத்தனை மணிக்கு, முதல் மருத்துவரைக் கண்டது எப்போது, இரண்டாம் முறை மயங்கியது எப்போது? அடைப்பால் வரும் பக்கவாதத்தில் உறைவைக் கரைக்கும் மருந்து நாலரை மணிநேரத்திற்குள் செலுத்தப்படவேண்டும். ஒருவர் இரண்டாம் மணிநேரத்தில் வந்து, ஆறாம் மணிநேரம் வரை குளுக்கோஸ் ஏற்றப்பட்டுப் படுத்திருந்தார் என்று காட்ட முடிந்தால், பறிபோன வாய்ப்பு கண்ணுக்குத் தெரியும்.

எந்தக் கதவைத் தட்டுவது?

மருத்துவம் நுகர்வோர் சட்டத்திற்குள் வருமா என்ற சண்டையில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மருத்துவ சேவை வராது என்று 1994இல் தீர்ப்பளித்தது சென்னை உயர் நீதிமன்றம். 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், இந்திய மருத்துவ சங்கத்திற்கும் வி.பி.சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில், அந்தக் கருத்தைத் தள்ளிவிட்டு மருத்துவத்தைச் சட்டத்திற்குள் கொண்டுவந்தது. 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்தபின் மருத்துவர்கள் தரப்பு மீண்டும் முயன்றது. 2022இல் உச்ச நீதிமன்றம் அம்முயற்சியையும் ஏற்கவில்லை.

சாந்தா தீர்ப்பின் நுட்பம்தான் நம் மக்களுக்கு உயிரானது. கட்டணம் பெறும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்திற்குள் வரும். எல்லோருக்கும் எல்லாமும் இலவசம் என்ற மருத்துவமனை வராது. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடமாக இருந்தால், இலவச நோயாளியும் நுகர்வோரே. பணத்தை நோயாளிக்குப் பதிலாகக் காப்பீட்டு நிறுவனமோ வேலை தருபவரோ செலுத்தினாலும் அது இலவச சேவை ஆகாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையோடு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தவரை ‘இலவச நோயாளி, வழக்குப் போட உரிமையில்லை’ என்று விரட்டுவது இத்தீர்ப்பின் தர்க்கத்துக்கு முரணானது. அவருக்கான தொகையைக் காப்பீடு அம்மருத்துவமனைக்குச் செலுத்துகிறது.

அம்பத்தூர், திருமழிசைத் தொழிலாளர்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவரின் சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. ஹரியானாவின் சோனிபட்டில் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மருத்துவம் பெற்ற ஒரு பெண்ணின் உடல்நிலை மோசமாகி, வெளியே சோதித்தபோது நோயறிதலே பிழை என்று தெரியவந்ததாகக் கணவர் வழக்குத் தொடுத்தார். இ.எஸ்.ஐ. மருத்துவம் இலவசமானது, எனவே நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்ற வாதத்தை 2007இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் பங்கே கட்டணம் என்றது. ஒப்பந்ததாரர் பணத்தைப் பிடித்துக்கொண்டு இ.எஸ்.ஐ.யில் கட்டாமல் விடும் கொடுமை தனியே பேசவேண்டிய ஒன்று.

அரசுப் பொது மருத்துவமனையில் முற்றிலும் இலவசமாகப் பார்த்தவர்களுக்கு வழி இல்லையா? உண்டு, ஆனால் வேறு வழி. அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது கூறு தரும் உயிர்வாழும் உரிமையை முன்வைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அல்லது உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கு. வசதியற்றவர் நீதிமன்றக் கட்டணம் இன்றியே வழக்குத் தொடர உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆவது ஆணை இடமளிக்கிறது. தன் மருத்துவரின் கவனக்குறைவுக்கு அரசே பொறுப்பு என்பதை 1996இல் மகாராட்டிரத்தின் அச்சுதராவ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்திவிட்டது. அரசு மருத்துவமனையில் அறுவையின்போது ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் துணி விடப்பட்ட வழக்கு அது.

அதே 1996, மே 6 அன்று வந்த மேற்குவங்க உழவுத் தொழிலாளர் சங்க வழக்குத் தீர்ப்பை ஒவ்வொரு மாணவர் அமைப்பும் வாசிக்கவேண்டும். 1992 ஜூலையில் ஓர் உழவுத் தொழிலாளி தொடர்வண்டியிலிருந்து விழுந்து தலையில் கடுங்காயமடைந்தார். ஆரம்ப சுகாதார நிலையம் அவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியது. கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவரைத் திருப்பி அனுப்பின. நரம்பியல் நிறுவனம் ஒன்றில் எடுத்த சி.டி. ஸ்கேன் மூளையில் இரத்தக்கசிவைக் காட்டியது. அதன்பிறகும் ‘படுக்கை இல்லை’ என்பதே விடை. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவருடைய சங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. அவசர மருத்துவத்தை மறுப்பது உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றும், பணமில்லை என்பதை அரசு சாக்காகச் சொல்ல முடியாது என்றும் நீதிமன்றம் கூறி, 25,000 ரூபாய் வழங்க ஆணையிட்டது. தொகை சிறியது. ஆனால் தனியொரு கூலித் தொழிலாளியின் மூளைக்கசிவு நாடு முழுவதற்குமான அவசர மருத்துவ நெறிகளாக மாறியது, ஒரு சங்கம் அவருடைய வழக்கைத் தன் வழக்காக ஏந்தியதால்தான்.

தமிழ்நாட்டுக்குள் மிக நெருங்கிய முன்னுதாரணம் மூளையைப் பற்றியதன்று, கண்ணைப் பற்றியது. ஆனால் இரத்தநாளம்தான் அங்கேயும் மையம். 1996 ஆகஸ்ட் 30 அன்று எழும்பூர் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் 29ஆவது வாரத்திலேயே, 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை இரத்தநாளங்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கக்கூடும். சில வாரங்களில் ஒரு கண் பரிசோதனை செய்தால் தடுக்கலாம். அந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை, செய்யவேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லப்படவுமில்லை. குழந்தை பார்வையை இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2009இல் 5 இலட்சம் ரூபாய் வழங்கியது. தந்தை விடவில்லை. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், எதிர்காலச் செலவுக்கு 1 கோடியே 38 இலட்சம் உட்பட மொத்தம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் வழங்க உத்தரவிட்டது. பெரும்பங்கை ஏற்கவேண்டியது தமிழ்நாடு அரசு. பிறந்த குழந்தை பதினெட்டு வயதைக் கடந்திருந்தாள். செய்யாமல் விட்ட ஒரு பரிசோதனை கவனக்குறைவே என்றும், இழப்பீட்டைக் கணக்கிடும்போது வருங்கால விலைவாசி உயர்வையும் சேர்க்கவேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொன்ன இரண்டும், எடுக்கப்படாத ஸ்கேன் பற்றிய வழக்கில் அப்படியே கையாளத்தக்கவை.

உயிருக்கு விலை போடும் வாய்ப்பாடு

இழப்பீட்டுச் சட்டத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் சாதியை இங்கேதான் காண்கிறோம். இறந்தவரின் வருமானத்தை எஞ்சிய ஆண்டுகளால் பெருக்கும் முறை நடுநிலையானதுபோலத் தோன்றும். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த கூலியில் நிறுத்தப்பட்டவரின் உயிர், அந்தக் குறைந்த கூலியாலேயே மீண்டும் அளக்கப்படுகிறது. கொல்கத்தாவில் 1998இல் தவறான மருத்துவத்தால் மனைவியை இழந்த, அமெரிக்காவில் வாழும் மருத்துவர் குணால் சாகாவுக்கு 2013இல் சுமார் 6 கோடி ரூபாய் வழங்கப்பட்டது. அவர் நடத்திய போராட்டத்தை நாம் மதிக்கிறோம், அந்தத் தீர்ப்பு எல்லா நோயாளிகளின் கையையும் வலுப்படுத்தியது. ஆயினும் அக்கணக்கில் அமெரிக்க வருமானம் ஒரு பெரும் இடம் வகித்தது என்பதையும், கிஷன் ராவுக்குக் கிடைத்தது 2 இலட்சம் என்பதையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வருமானத்தைக் காட்டச் சம்பளச்சீட்டு இல்லாதவர்கள் என்ன செய்வது? விபத்து வழக்குகளில் வளர்ந்த சட்டம் இங்கே கைகொடுக்கும். அமைப்புசாராத் தொழிலாளியிடம் வருமான ஆவணம் கேட்டுப் பிடிவாதம் பிடிக்கலாகாது என்று ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வீட்டில் உழைக்கும் பெண்ணின் வேலைக்கும் பணமதிப்பு உண்டு என்பதை 2001இல் இலதா வாத்வா வழக்கிலும், மேலும் விரிவாக 2021இல் கீர்த்தி வழக்கிலும் நீதிமன்றம் ஏற்றது. குறைந்தபட்சக் கூலி அறிவிக்கை, சக தொழிலாளர்களின் உறுதிமொழி, கட்டுமான நலவாரிய அட்டை எதுவும் சான்றாகலாம். பிழைத்துப் படுக்கையில் கிடப்பவரின் வழக்கில் இழந்த கூலியைவிடப் பெரிய தொகை வேறிடத்தில் இருக்கிறது. உடனிருந்து பார்ப்பவரின் உழைப்பு, இயன்முறை மருத்துவம், டயப்பர், மருந்து, வேலைக்குப் போவதை நிறுத்திய மகளின் கூலி ஆகியவை மனுவில் தனித்தனியே எழுதப்படவேண்டும். எழுதாததை ஆணையம் தானாக வழங்குவது அரிது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்று தோழர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மருத்துவமனை, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுள் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் தீண்டாமையின் பெயரால் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதைத் தண்டிக்கிறது. சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்தியதற்கும் சேர்க்க மறுத்ததற்கும் சான்று இருந்தால் அவ்வழக்கு தனியாக நடக்கவேண்டும். ஆனால் தவறான நோயறிதல் ஒன்றையே வன்கொடுமை என்று எழுதினால் அவ்வழக்கு நிற்காது, இழப்பீட்டு வழக்கையும் அது பலவீனப்படுத்தும் என்பது நம் கருத்து. சாதி செயல்பட்ட விதம் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்விகளிலும் எழுதப்படாத ஸ்கேன் சீட்டிலும் இருக்கிறது. அதைப் பிடிக்கக் கவனக்குறைவுச் சட்டமே கூர்மையான கருவி.

செய்யவேண்டியவை

முதலில் ஆவணம். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ எழுத்தில் கேட்டால் 72 மணிநேரத்திற்குள் மருத்துவப் பதிவுகளைத் தரவேண்டும். உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஓ.பி. சீட்டு, கேஸ் ஷீட், செவிலியர் குறிப்பு, ஸ்கேன் அறிக்கை, ஸ்கேன் படம் பதிந்த குறுந்தகடு அத்தனையும் கேட்கப்படவேண்டும். பதிவஞ்சலில், ஒப்புகை அட்டையோடு கேட்பது நல்லது. அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் துணைக்கு உண்டு. தெருமுனைக் கிளினிக்கில் சீட்டே தராவிட்டால் மருந்துக்கடை ரசீதும், கைப்பேசியில் பணம் செலுத்திய பதிவும் நேரத்தைச் சொல்லும். 108 வண்டி வந்திருந்தால் அதன் பதிவும் சான்று. ‘சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்’ என்று வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால், பணமில்லாததால் அல்லது படுக்கை இல்லை என்றதால் செல்கிறோம் என்ற காரணத்தையும் அதே தாளில் எழுதிவிட்டுக் கையெழுத்திடவேண்டும். அந்த ஒரு வரி பின்னாளில் வழக்கையே காப்பாற்றும்.

இறப்பு நேர்ந்தால் உடற்கூராய்வைத் தவிர்க்கச் சொல்லி உறவினர்களே அவசரப்படுத்துவதுண்டு. துயரத்தில் அது இயல்பு. ஆனால் கசிவு எங்கே என்று சொல்லக்கூடிய கடைசி ஆவணம் அதுவே.

கரையான்சாவடியில் வாழ்பவர் எங்கே மனுச் செய்யலாம்? 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பெரிய வசதியைத் தந்தது. மருத்துவமனை சென்னையிலோ வேலூரிலோ இருந்தாலும், மனுதாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே, மனுக் கொடுக்கலாம். எந்த ஆணையம் என்பதை இப்போது கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, மருத்துவத்திற்குச் செலுத்திய தொகையே தீர்மானிக்கிறது. அது 50 இலட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். செலுத்திய தொகை 5 இலட்சம் வரை இருந்தால் மனுக்கட்டணமே இல்லை. வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம், இணையவழியிலும் மனுவைப் பதியலாம். இறந்தவரின் சட்டபூர்வ வாரிசுகளுக்கும் இந்த உரிமை உண்டு. ஆணை பாதகமாக வந்தால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு.

வழக்கறிஞர் வேண்டுமென்றால் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவை நினைவில் கொள்வோம். பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். நுகர்வோர் ஆணையத்தில் நடத்தும் வழக்கும் இதில் அடங்கும். சாதிச் சான்றிதழோடு பூந்தமல்லி நீதிமன்ற வளாகத்தின் வட்டச் சட்டப்பணிகள் குழுவையோ திருவள்ளூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ அணுகலாம். தொலைபேசியில் 15100. நுகர்வோர் உதவிக்கு 1915. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் மருத்துவர்மீது முறையிடலாம், ஆனால் அங்கே கிடைக்கக்கூடியது ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே, பணம் அன்று. கவுன்சிலின் முடிவுக்காகக் காத்திருந்து நுகர்வோர் வழக்கின் காலத்தைத் தவறவிடுவது நேரக்கூடாத ஒன்று.

ஏனெனில் காலவரம்பு 2 ஆண்டுகள்தான். தாமதத்திற்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். பக்கவாதத்தில் வீழ்ந்தவரின் குடும்பத்திற்கு முதல் ஆண்டு மருத்துவமனைக்கும் கடன்காரருக்கும் இடையிலேயே கழிந்துவிடுகிறது. இங்கேதான் மாணவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. வீட்டுக்குச் சென்று, கிடைக்கும் சீட்டுகளை நாள்வாரியாக அடுக்கி, எந்த நாளில் எத்தனை மணிக்கு யாரைப் பார்த்தார்கள் என்று குடும்பத்தார் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி, அவர்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டித் திருத்தி, பதிவுகள் கேட்கும் கடிதத்தை அந்த வாரமே அஞ்சலில் சேர்ப்பது. நினைவு மங்குமுன், மருத்துவமனைப் பதிவேட்டின் மூன்றாண்டு முடியுமுன், இது நடக்கவேண்டும்.